பொன்முடிச் சாலையில் ஒரு தட்டுச் சத்தம்

வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றிய மறுநாள் காலையில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். திருவனந்தபுரத்தில், கரமனையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து, தம்பானூரில் நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு என்னைக் கொண்டுவிட என் கணவர் ஓட்டிக்கொண்டு வந்தார். ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஏற்றத்தில் அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முன்பக்கத்திலிருந்து டொக், டொக், டொக் என்று வந்தது. பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல. வேகம் கூடினால் தட்டும் வேகமும் கூடியது. காலை எடுத்தால் அதுவும் அடங்கியது.

"என்னங்க, வண்டில ஒரு சத்தம் வருது."

"ம்."

"உங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"ரோடு சரியில்ல. பைப்பு போடுறேன்னு தோண்டிப் போட்டுட்டு மூடாம போயிட்டான்."

ரோடு நன்றாகத்தான் இருந்தது. முந்தின மாதம்தான் தார் போட்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் என்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அங்கேயே ஒரு கச்சேரி வைத்திருப்பேன். இப்போது கடைக்கு நேரமாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் பேசாமல் இறங்கிப் போனேன்.

சத்தங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாள் முழுவதும் தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவள். கடையில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது, எதில் ஊசி மழுங்கியிருக்கிறது, எதில் எண்ணெய் வற்றிவிட்டது என்று தலை நிமிராமலே சொல்வேன். என்னோடு தைக்கிற பெண்கள் என்னைப் பாம்புக் காதுக்காரி என்பார்கள். மெஷின் கெடுவதற்கு முன்னால் கட்டாயம் ஏதாவது சொல்லும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கேட்கிறவர்களுக்குத்தான் அது மணியோசை.

அந்த வண்டி எங்களுக்கு ஊர்சுற்ற வாங்கியது அல்ல. என் கணவர் தென்காசிப் பக்கத்துக்காரர். பதினேழு பதினெட்டு வயதிலிருந்து கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர். அதை விட்டு இங்கே வந்த பிறகு, பல வருடம் மற்றவர்களின் வண்டியைப் பொன்முடி மலைக்கு ஓட்டினார். இந்தப் பழைய டாக்சிதான் அவர் சொந்தமாக வைத்துக்கொண்ட முதல் வண்டி, ஒரு புரோக்கர் மூலம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலையில் மலையடிவாரத்து வித்துராவுக்குப் போய்விடுவார். பொன்முடி எஸ்டேட் லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கேதான் இறங்கி வர வேண்டும். மலைக்கு பஸ் குறைவு. பஸ்ஸை விட்டவர்கள் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் நம் தமிழ்க்காரர்கள். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்க் கன்னாசும் குழந்தையுமாக ஏற்றிக்கொண்டு, கல்லாறு தாண்டி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் அவர் இறங்கி வீடு வந்து சேரும்வரை என் வயிற்றில் நெருப்புதான். இப்போது அதற்கு மேல் இந்தத் தட்டு.

அடுத்தடுத்த நாட்களில் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. முதலில் ஏற்றத்தில் மட்டும். பிறகு சமதரையில். பிறகு சிக்னலில் சும்மா நிற்கும்போதும், அடிவயிற்றிலிருந்து வருவதுபோல மெதுவாக. ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். பெட்ரோலில் கலப்படம். டயரில் கல் மாட்டியிருக்கும். பழைய வண்டி என்றால் நாலு சத்தம் வரத்தான் செய்யும், உனக்கும் எனக்கும் வயசானா மூட்டு சத்தம் போடாதா என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புரோக்கர் சொன்னதை எல்லாம் நம்பி வாங்கியவர், வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர், வாங்கிய வண்டியில் குறை இருப்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் மழுப்புகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

வேறு எதையாவது நினைக்க எனக்கு என்ன காரணம் இருந்தது? டிவியை அலற விடுவார். எந்த ஆம்பிளை அலற விடுவதில்லை? ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஓட்டுகிறவர்கள் பழக்கம் அது. குக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனால், பருப்பு அடிப்பிடித்துக் கரிந்திருக்கும், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சொன்னது ஏறாத புருஷனைப் பற்றி ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரு பாரதம் பாடுவாள். நானும் பாடினேன்.

கடைசியில் நான் ஒரு நாள் வண்டிச் சாவியை எடுத்து என் பிளவுசுக்குள் போட்டுக்கொண்டு, ஒர்க்ஷாப்புக்குப் போனால்தான் தருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் கோபப்பட்டார். பிறகு வந்தார்.

கிள்ளிப்பாலம் பக்கத்தில் அந்த ஒர்க்ஷாப். மெக்கானிக் நல்ல பருமன், தொண்டை இரண்டு ஆளுக்கானது. எந்த வண்டி வந்தாலும் அதை விற்றவனுக்கு ஒரு சாபம் கொடுத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார். முதலில் டாப்பெட் லூஸ் என்றார். பெரிய தோரணையோடு அதை டைட் வைத்து, "இனி பட்டு போல ஓடும் அண்ணா" என்று கையைத் துடைத்துக்கொண்டார். எஞ்சின் சூடானதும் சத்தம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. அவர் முகம் மாறியது. ஆயில் அளக்கிற கம்பியை உருவி, அதில் ஒட்டிய எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, வெயிலில் காட்டினார். எண்ணெயில் பொடிப்பொடியாக மினுமினுத்தது.

"நோக்கு சேச்சி. தங்கம். எஞ்சினுக்குள்ள பேரிங் அரைஞ்சு வருதாணு."

"வாங்கும்போது ஒரு சத்தமும் இல்லையே."

"எங்ஙன இருக்கும்? கட்டி ஆயில் ஊத்தி தந்திருப்பான். கட்டி ஆயில்ல சத்தம் முங்கிப் போகும். நிங்கள் நல்ல ஆயில் மாத்தினப்ப கள்ளம் வெளிய வந்நு." பிறகு என் கணவரைப் பார்த்து, "இத்ர சத்தம் வெச்சோண்டு பொன்முடி கேறியோ? ராடு ஒடஞ்சா எஞ்சினைப் பொளிச்சு வெளிய வரும். வளைவுல வண்டி நின்னு போனா, பின்னே பொறகோட்டு உருண்டு போறதுதான்" என்றார்.

என் கணவர் சிரித்துத் தலையாட்டினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது நம்மைத் திட்டும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. யாரோ ஏதோ சொல்கிறார்கள், சிரித்து வைப்போம் என்கிற சிரிப்பு.

எந்த ராடில் பேரிங் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் ஒரு வேலை செய்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றினார். கழற்றினால் அந்தப் பக்கம் எரிவது நின்றுவிடும், எஞ்சின் தடுமாறிக் குலுங்கும். கோளாறு உள்ள ராடு எதுவோ, அதன் வயரைக் கழற்றும்போது தட்டும் சத்தம் அமுங்கும். எங்கள் கடை மோட்டாருக்குப் பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்போமே, ஏறக்குறைய அதே சங்கதி. ஒரு கையில் கட்டிங் பிளேயரும் மறு கையில் ஆக்ஸிலேட்டர் கம்பியுமாகக் குனிந்திருந்தவர், "அண்ணா, கேட்டுப் பறயணும். கொறயும்போ பறயணும்" என்றார்.

முதல் வயரைக் கழற்றினார். எஞ்சின் குலுங்கியது.

"கொறஞ்சோ?"

"ஆ, கொறஞ்சுட்டு" என்றார் என் கணவர். அவர் கை மட்காட்டின் மேல் இருந்தது.

தட்டு அப்படியே இருந்தது. "எவிடெ கொறஞ்சு?" என்று மெக்கானிக் முறைத்துவிட்டு, அதை மாட்டி, இரண்டாவதைக் கழற்றினார். எஞ்சின் மறுபடி குலுங்கியது.

"இப்ப கொறஞ்சது" என்றார் இவர், கொஞ்சம் யோசித்து.

குறையவில்லை. டொக், டொக் என்று என் பல்லில் வந்து அடித்தது. மூன்றாவது வயரைக் கழற்றினார் மெக்கானிக். யாரோ கதவுக்குப் பின்னால் சட்டென்று கையை இழுத்துக்கொண்டதுபோலத் தட்டு அமுங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். இரண்டு முறை தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது என் கணவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மெக்கானிக்கின் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு உறுதியான குரலில் சொன்னார்.

"இல்ல. இதுல கொறயல."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணன் ஒரு காலத்திலயும் மெக்கானிக் ஆகாம்பற்றில்லா" என்றார். அவருக்கு இவர் கவனமில்லாத ஆள், அவ்வளவுதான். நான் சிரிக்கவில்லை. அந்த மூன்று தடவையும் அவர் காதால் எதையும் தீர்மானிக்கவில்லை. மட்காட்டில் வைத்த கையால்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கை குலுங்கியபோது குறைந்தது என்றார், அது இரண்டு முறை தப்பானதும் மூன்றாவது முறை மாற்றிச் சொல்லிப் பார்த்தார்.

மெக்கானிக் ஒரு நீள ஸ்குரூடிரைவரை எடுத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் வைத்துக் கேட்டார். டாக்டர் குழாய் வைப்பதுபோல அவர்கள் வைத்துக் கேட்பார்கள். பிறகு, "வா, அண்ணனும் கேட்டு நோக்கு" என்று இவரிடம் கொடுத்தார். இவர் குனிந்து, பிடியைக் காதடியில் அழுத்தினார். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு முகம் விரிந்தது. கண் அகன்றது. மெக்கானிக் போதும் என்று தோளைத் தட்டியும் எழவில்லை. எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நிமிர்ந்ததும் என்னைத்தான் தேடினார்.

"இதுவா?" என்றார் என்னிடம். "நீ சொன்ன சத்தம் இதுவா?"

செவிடன் காதில் சங்கு ஊதுகிற மாதிரி என்று நான் அவரை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பழமொழி என் வாயில் வரவே இல்லை.

அங்கே நின்றுகொண்டே எனக்குப் பொன்முடி வளைவுகள் நினைவுக்கு வந்தன. மலையில் பாதிக்கு மேல் போனால் எந்த நேரத்திலும் மஞ்சு இறங்கும். பனி மூட்டத்தை இங்கே நாங்களும் மஞ்சு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது இறங்கினால் வண்டியின் மூக்கே தெரியாது. அப்போது ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. வளைவுக்கு முன்னால் நின்று ஹாரன் அடிக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். மேலேயிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தால் அது பதிலுக்கு ஹாரன் கொடுக்கும். அந்த வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். பதில் வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் திருப்பலாம். அந்த மலையில் கண்ணை நம்பி யாரும் ஓட்டுவதில்லை. காதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே இவர்தான்.

எஞ்சினை இறக்கினார்கள். தேய்ந்த பேரிங்கை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிறை மாதிரி ஒரு சின்னத் தகடு. வெள்ளைப் பூச்செல்லாம் போய் உள்ளே செம்பு தெரிந்தது. அந்தப் பேரிங் உட்காருகிற கிராங்க் தண்டைக் கடைந்து சரிசெய்ய லேத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. வண்டி சரியாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட டாக்சிக்காரர் மனைவி இந்தத் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் நேராகவே கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்து, வாய் அசைவது தெரியும்படி கேட்டேன்.

"காது டாக்டரைப் பாப்போமா?"

"எனக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"சளி பிடிச்சிருக்கு. மழைக்காலம். வண்டி வரட்டும், பாப்போம்."

"வண்டி வந்தா மலை ஏறுவீங்க."

அவர் எழுந்து கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். வீட்டில் துணி மடிக்கிற ஆள் இல்லை அவர்.

வண்டி வந்தது. பட்டுப்போல ஓடும் என்று மெக்கானிக் மறுபடி சொன்னார், இந்த முறை அது உண்மை. ஏற்றத்தில், சிக்னலில், எங்கேயும் ஒரு தட்டு இல்லை. எனக்கு அந்த நிசப்தம் இன்னும் பயமாக இருந்தது. இத்தனை நாள் அபாயம் பானெட்டுக்குள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது, எனக்காவது கேட்டது. இப்போது அது இடம் மாறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் நானும் வருகிறேன் என்றேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வித்துராவில் சந்தை வாசலில் ஒரு பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். எஸ்டேட் லயத்துக்காரி, அவருடைய வாடிக்கை. அரிசிச் சாக்கை டிக்கியில் போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறியவள், நான்தான் மனைவி என்று தெரிந்ததும் வாயை மூடவில்லை. வண்டி இல்லாத நாட்களில் தாங்கள் பட்ட பாட்டையெல்லாம் சொன்னாள். கல்லாறு தாண்டியதும் கீழ் வளைவுகளில் வெயில் இருந்தது. மேலே போகப் போக மரங்களின் உச்சி மங்கிக்கொண்டு வந்தது. பிறகு மரங்களே இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு வளைவுக்கு முன்னால் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். ஹாரன் அடித்தார். பிறகு நேரே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. அசைந்து முடிந்ததும் திருப்பி ஏறினார். அடுத்த வளைவிலும் அப்படியே.

"அண்ணன் எப்பளும் இப்படித்தான் அக்கா" என்றாள் பின்னாலிருந்தவள், பக்தியோடு. "ஒவ்வொரு வளைவுலயும் பிரார்த்திச்சிட்டுத்தான் வண்டியத் திருப்புவாரு. எங்க லயத்துல அண்ணன் வண்டின்னா கண்ண மூடிட்டு ஏறுவோம். நல்ல ஈசுவர விசுவாசம் உள்ள ஆளு."

கோயில் வாசலில்கூட செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நிற்கிற மனுஷர் இவர். வீட்டில் விளக்கேற்றும்போது கூப்பிட்டாலும் வரமாட்டார். என்ன பிரார்த்தனை இது?

அடுத்த வளைவு இன்னும் அடர்த்தியாக இருந்தது. ஹாரன் அடித்தார். உதடு அசைய ஆரம்பித்தது. அப்போது மேலேயிருந்து, நீளமாக, தெளிவாக, பஸ்ஸின் ஹாரன் பதில் சொன்னது. எனக்குக் கேட்டது. பின்சீட்டுக்காரிக்கும் கேட்டிருக்கும், அவள் அரிசி விலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். இவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உதடு அசைந்து முடிந்தது. கை கியரைப் போட்டது. வண்டி நகர்ந்தது.

நான் அவர் தொடையில் ஓங்கி அடித்தேன். அவர் பிரேக்கை மிதித்தார். எங்கள் முன்னால் வெள்ளைக்குள்ளிருந்து ஆனவண்டி வெளியே வந்தது. அரசு பஸ்ஸை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையிலேயே யானைதான். அதன் பக்கவாட்டுத் தகடு எங்கள் கண்ணாடியை ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது. நான் கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பேன். டிரைவர் மேலேயிருந்து தலையை நீட்டினார்.

"ஹாரன் கேட்டில்லேடோ?"

என் கணவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா அக்கா" என்றாள் பின்னாலிருந்தவள், மூச்சு வாங்க. "பிரார்த்தனை பண்ணினதால தப்பிச்சோம்."

லயத்தில் அவளை இறக்கிவிட்டோம். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் வந்து, தேயிலைக்கு நடுவில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்தார். அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"என்ன பிரார்த்தனை பண்ணுறீங்க?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"பிரார்த்தனை இல்ல. எண்ணுவேன். ஹாரன் அடிச்சிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுவேன். பஸ்ஸு வருதுன்னா அதுக்குள்ள மூக்கு தெரிஞ்சிரும்."

"தெரியலன்னா?"

"இதுவரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"எத்தன நாளா இப்படி?"

"கிரஷர்லயே கொஞ்சம் போயிருச்சு. இப்ப ஒரு வருசமாத்தான் ரொம்ப." கையால் காதைத் தேய்த்தார். "சொன்னா நீ வண்டியத் தொட விடுவியா? வேற என்ன தெரியும் எனக்கு?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை வளைவு, எத்தனை அரிசி மூட்டை, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர். எல்லோரும் இவர் உதட்டைப் பார்த்து நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார்கள். பயத்தைவிட வெட்கமாக இருந்தது எனக்கு, எதற்கு என்று தெரியாமல்.

"இனிமே இந்த மலைல ஓட்டக் கூடாது" என்றேன். "இன்னைக்கோட சரி."

அவர் தலையாட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வண்டியைக் கீழே இறக்கியாக வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. லயத்துக்குத் திரும்பி நடந்துபோய்க் கேட்டேன், ஓட்டத் தெரிந்த யாரும் அப்போது இல்லை. மஞ்சு விலகுமென்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அது விலகவில்லை. மழை பிடிக்கிற மாதிரி இருந்தது. மழையும் சேர்ந்துகொண்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நான் கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் திருப்புங்கள் என்று முடிவானது.

முதல் வளைவு. நிறுத்தினார், ஹாரன் அடித்தார், எஞ்சினை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கேயோ ஒரு பறவை. வேறு ஒன்றும் இல்லை. "போங்க" என்றேன். போனோம். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வளைவில் கீழேயிருந்து ஜீப் ஒன்று பதில் ஹாரன் கொடுத்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். ஜீப் தாண்டிப் போனது. என்னை அறியாமல் எனக்கு ஒரு சின்ன கர்வம் வந்தது. பாம்புக் காதுக்காரி.

மூன்றாவது வளைவில் ஹாரன் அடித்தோம். கேட்டேன். நன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "போங்க" என்றேன். வண்டி பாதி திரும்பியபோது ஒரு பெரிய வெள்ளைக் கார் எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பது அந்தப் பிள்ளைகள் தலையை ஆட்டுவதில் தெரிந்தது. எங்கள் ஹாரன் அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் தர வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஓட்டியவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ காட்டிவிட்டு, பாறையை ஒட்டி ஒடித்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் பக்கம் சக்கரத்துக்கு அடியிலிருந்து கல் உருண்டு கீழே போனது. அது விழுந்த சத்தம் என் காதுக்கு வரவே இல்லை.

என் கணவர் என்னைத் திட்டவில்லை. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு வண்டியை இறக்கினார்.

நாலாவது வளைவு வந்தது. அவர் நிறுத்தினார். ஹாரன் அடித்தார். எஞ்சினை அணைத்தார். பிறகு முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தார். லயத்துக்காரர்கள் இத்தனை நாளும் அவரைப் பார்த்த அதே பார்வை. நான் கேட்டேன். தண்ணீர் சொட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. போன வளைவிலும் இப்படித்தான் ஒன்றும் கேட்கவில்லை.

"போலாமா?" என்றார்.

"போங்க" என்றேன்.